டைட்டர் 4.2 என்றால் பாதுகாப்பு போய்விட்டதா? அலாஸ்கா யூப்பிக் ஊர்களின் 30 ஆண்டுக் கணக்கு

நடைவண்டி (ஞாயிறு, இரவு 9.40)

மகள் நர்சிங் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். வார்டுக்கு அனுப்பும் முன் ஹெபடைடிஸ் பி டைட்டர் எடுத்து வரச் சொன்னார்கள் (இந்தக் கல்லீரல் வைரஸை எதிர்க்க உடம்பு செய்யும் எதிர்பொருள் இரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை). எடுத்தோம், 4.2 வந்தது. பக்கத்திலேயே '10-க்குக் கீழ், பாதுகாப்பு இல்லை' என்று அச்சடித்திருந்தார்கள். குழந்தையாக இருந்தபோது மூன்று ஊசியும் போட்ட அட்டை என்னிடம் இன்னும் இருக்கிறது. அப்படியென்றால் அந்த மூன்று ஊசியும் வீணா?

இரண்டு இரவு உட்கார்ந்து தேடினேன். எங்கே போனாலும் ஒரே இடத்தில் கொண்டுபோய் விட்டது: அலாஸ்காவின் தென்மேற்கு மூலை, யூக்கான், குஸ்கோக்விம் என்ற இரண்டு ஆறுகள் கடலில் சேரும் கழிமுகம். அங்கே வாழும் பழங்குடிகள் யூப்பிக் மக்கள். 1981-ல் 15 ஊர்களில் 1,578 பேருக்கு மூன்று டோஸ் தடுப்பூசி போட்டிருக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தை முதல் கிழவர்கள் வரை. அதன் பிறகு அதே ஆட்களைத் தேடித் தேடிப் போய் இரத்தம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். 15-வது ஆண்டு, 22-வது ஆண்டு, 30-வது ஆண்டு, அதற்குப் பிறகு 35-வது ஆண்டிலும்.

எனக்குப் புரிந்தது இவ்வளவு. ஊசி போட்டு முடித்ததும் சராசரி எதிர்பொருள் அளவு 822. பதினைந்து ஆண்டில் அது 27. முப்பது ஆண்டில் பாதிப் பேருக்கு 10-க்குக் கீழே போய்விட்டது, என் மகளுக்குப் போலவே. அப்படிக் குறைந்தவர்களில் 85 பேருக்கு ஒரே ஒரு பூஸ்டர் போட்டுப் பார்த்தபோது 75 பேருக்கு ஒரு மாதத்துக்குள் 10-க்கு மேலே ஏறிவிட்டது. ஆக, நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்காவது பாதுகாப்பு மிச்சம் இருக்கிறது, பூஸ்டர் தேவையில்லை என்று முடித்திருக்கிறார்கள்.

இதை நம்பலாமா? நம்பலாம் என்றால் ரிப்போர்ட்டில் ஏன் 'பாதுகாப்பு இல்லை' என்று போடுகிறார்கள்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நுண்ணுயிரி (ஞாயிறு, இரவு 10.25)

நீங்கள் படித்தது சரிதான். ரிப்போர்ட்டில் இருக்கும் வாசகம்தான் அவசரக்குடுக்கை.

அந்த 10 எங்கிருந்து வந்தது என்று முதலில் பார்ப்போம். தடுப்பூசி முடித்து ஒன்றிரண்டு மாதத்தில் எதிர்பொருள் 10 மில்லி யூனிட்டைத் தாண்டினால் அந்த ஆளின் உடம்பு ஊசியைப் புரிந்துகொண்டது என்று பொருள். அந்த நேரத்துக்கான அளவுகோல் அது. இருபது வருடம் கழித்து அதே கோலை வைத்து அளந்து '4 தான் இருக்கிறது, காப்பு இல்லை' என்பது தவறு.

கல்யாணச் சமையல்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தினமும் ஐந்நூறு இலைக்குச் சமைப்பதில்லை. முகூர்த்தம் இல்லாத மாதத்தில் வீட்டுக்குள் போய்ப் பார்த்தால் அடுப்பில் ஒரு சின்னப் பாத்திரம்தான் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு இவருக்குச் சமைக்கத் தெரியாது என்போமா? சொல்லி அனுப்பினால் கோட்டை அடுப்பு மூட்டிவிடுவார். இரத்தத்தில் இருக்கும் எதிர்பொருள் அந்தச் சின்னப் பாத்திரம். ஊசியை நினைவில் வைத்திருக்கும் இரத்த வெள்ளணுக்களான நினைவு பி செல்கள்தான் சமையல்காரர்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. அடுப்பு மூட்ட நேரம் வேண்டும். இந்த வைரஸ் அந்த நேரத்தைத் தருகிறது. உடம்புக்குள் நுழைந்து நோயாக வெளிப்பட ஒன்றரை மாதம் முதல் ஆறு மாதம் வரை எடுத்துக்கொள்ளும். நினைவு செல்களுக்கு ஒன்றிரண்டு வாரம் போதும். ஃப்ளூ மாதிரி இரண்டு நாளில் வந்து விழும் வைரஸாக இருந்தால் இந்தக் கதை நடக்காது.

---

கணக்குப்புலி (திங்கள், காலை 6.15)

சமையல்காரர் கதை நன்றாக இருக்கிறது. ஆனால் எனக்கு எண்ணில் ஒரு சந்தேகம்.

நானும் தேடிப் பார்த்தேன். 22-வது ஆண்டில் 493 பேரைப் பரிசோதித்தார்கள். 60 சதவீதத்துக்கு 10-க்கு மேல் இருந்தது. குறைவாக இருந்தவர்களில் 164 பேருக்கு பூஸ்டர் போட்டார்கள், இரண்டு மாதத்தில் 81 சதவீதம் பேர் ஏறினார்கள். மொத்தப் பாதுகாப்பு 87 சதவீதம் என்று எழுதினார்கள். எட்டு வருடம் கழித்து 30-வது ஆண்டில் 243 பேர்தான். பாதுகாப்பு 90-க்கு மேல்!

வயது ஏற ஏறப் பாதுகாப்பு கூடுமா? பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் இந்தக் கணக்கைக் கொண்டுவந்தால் 'எங்கேயோ இடிக்கிறது, திரும்பப் போடு' என்பேன்.

---

நுண்ணுயிரி (திங்கள், காலை 8.02)

இடிக்கும் இடம் எனக்குத் தெரியும். 30-வது ஆண்டுக் கணக்கில் இரண்டு வடிகட்டி இருக்கிறது. முதலில் போட்ட மூன்று டோஸுக்கே எதிர்பொருள் வந்தவர்களை மட்டும் எடுத்தார்கள். இடையில் வேறு டோஸ் எதுவும் போடாதவர்களை மட்டும் எடுத்தார்கள். ஒப்பிட வேண்டிய கூட்டம் இரண்டும் ஒன்றல்ல.

---

கணக்குப்புலி (திங்கள், காலை 8.20)

அதுதான்! இடையில் டோஸ் போடாதவர்கள் என்றால், 22-வது ஆண்டில் குறைவாக இருந்து பூஸ்டர் வாங்கிய அந்த 164 பேர் கணக்கிலேயே வரமாட்டார்கள். குறைந்த மார்க் வாங்கியவர்களைத் தனி வகுப்புக்கு அனுப்பிவிட்டு மீதியை வைத்து சராசரி போட்டது மாதிரி ஆகிறது. நேர்மையில்லை என்று சொல்லவில்லை. ஆனால் 'நூற்றுக்குத் தொண்ணூறு' என்று நடைவண்டி எழுதியதைப் படிக்கிறவர்கள் 1,578 பேரில் தொண்ணூறு சதவீதம் என்று எடுத்துக்கொள்வார்கள்.

---

நுண்ணுயிரி (திங்கள், காலை 8.41)

ஒப்புக்கொள்கிறேன். அந்த எண்ணை 'முதல் மூன்று டோஸ் பிடித்தவர்களில்' என்ற சொல்லோடு சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் டைட்டர் கணக்கு இரண்டாம்பட்சம். நோய் வந்ததா இல்லையா என்பதுதான் கேள்வி. அதற்கு மாலை வந்து விரிவாக எழுதுகிறேன், இப்போது லேபில் வேலை இருக்கிறது.

---

வஞ்சிரம் (திங்கள், பகல் 12.10)

அலாஸ்கா என்றதும் எட்டிப் பார்த்தேன். கணவர் வேலைக்காக ஆங்கரேஜில் மூன்று வருடம் இருந்தோம். ஒரு முறை தோழியோடு பெத்தெல் வரை போயிருக்கிறேன். நீங்கள் சொல்லும் கழிமுகத்துக்கு அதுதான் தலைநகர் மாதிரி. ஆங்கரேஜிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல், ஆனால் சாலை கிடையாது. விமானத்தில்தான் போக வேண்டும். பெத்தெலிலிருந்து அந்த ஐம்பது சொச்சம் ஊர்களுக்குப் போக ஆறு பேர் உட்காரும் குட்டி விமானம். கோடையில் படகு, குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின் மேலேயே வண்டி ஓட்டுவார்கள். பனிமூட்டம் வந்தால் மூன்று நாள் நான்கு நாள் எதுவும் கிளம்பாது.

அப்படிப்பட்ட இடத்தில் முப்பது வருடம் கழித்து அதே ஆளைக் கண்டுபிடித்து இரத்தம் எடுப்பது எவ்வளவு வேலை என்று கணக்குப்புலி சார் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 1,578 பேரில் செத்தவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்! இதில் முதுகெலும்பு அந்தந்த ஊர் சுகாதார உதவியாளர்கள். டாக்டர் கிடையாது. உள்ளூர்ப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து வைத்திருக்கிறார்கள், 1960களிலிருந்தே உள்ள ஏற்பாடு. யார் யாருடைய பேரன், எந்த வீட்டில் காமாலை வந்தது என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம்.

இன்னொன்று: பழைய கட்டுரைகளில் 'எஸ்கிமோ' என்று இருக்கும். இங்கே எழுதும்போது யூப்பிக் என்றே எழுதலாம். அவர்கள் மொழியில் 'உண்மையான மனிதர்' என்று அர்த்தமாம். தோழி சொன்னாள்.

---

ஐஸ்பெட்டி (திங்கள், பகல் 2.30)

வஞ்சிரம் எழுதியதைப் படித்ததும் எனக்கு வேறு கவலை வந்தது. நான் 31 வருடம் கிராம சுகாதாரச் செவிலியர். ஹெபடைடிஸ் பி ஊசி மருந்துக்கு வெயிலை விடப் பெரிய எதிரி உறைபனி. உறைந்தால் போச்சு. அதில் இருக்கும் அலுமினிய உப்பு திரிந்துவிடும், திரும்ப உருக்கினாலும் வீரியம் வராது. நம் ஊரில் ஐ.எல்.ஆர். என்ற தடுப்பூசிக் குளிர்பெட்டியில் இதை அடியில் வைக்கவே விடமாட்டோம், மேல் கூடையில்தான். முகாமுக்குக் கொண்டுபோகும்போது ஐஸ் பேக்கை வெளியே வைத்து வியர்க்க விட்டு, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் பெட்டியில் அடுக்குவோம். சந்தேகம் வந்தால் குலுக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறது. உறைந்து உருகிய மருந்து சீக்கிரம் அடியில் படியும், நல்ல மருந்து மெதுவாகப் படியும்.

நமக்கு ஐஸ் போதவில்லை என்று பயம். அவர்களுக்கு ஊரே ஐஸ். ஜனவரியில் குட்டி விமானத்தில் அந்த மருந்தை 2 டிகிரிக்குக் கீழே போகாமல் கொண்டுபோய்ச் சேர்த்தவர்களுக்கு என் கும்பிடு.

நடைவண்டி தம்பி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருகிறேன். பயப்பட ஒன்றும் இல்லை. சின்னக் குழந்தையில் போட்டவர்களுக்கு இருபது வயதில் 10-க்குக் கீழே வருவது ரொம்ப சகஜம். ஆனால் அவள் மருத்துவமனையில் ஊசி, இரத்தம் என்று புழங்கப் போகிறவள். குழந்தையில் ஊசி முடிந்ததும் டைட்டர் பார்த்த பதிவு நம்மிடம் இல்லை. அதனால் இப்போது ஒரே ஒரு டோஸ் போட்டு, ஒன்று முதல் இரண்டு மாதம் கழித்து டைட்டர் எடுக்க வேண்டும். 10-க்கு மேல் வந்தால் கதை முடிந்தது, வாழ்நாளில் திரும்பத் திரும்ப டைட்டர் எடுக்க வேண்டியதில்லை. வராவிட்டால் மீதி இரண்டு டோஸையும் போட்டு இன்னொரு முறை பார்க்க வேண்டும். ஊசி போட்ட அடுத்த வாரமே ஓடிப் போய் டைட்டர் எடுத்துக் காசைக் கொட்டாதீர்கள்.

---

மூலிகைத்தோட்டம் (திங்கள், மாலை 4.55)

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி இருக்கும்போது இவ்வளவு ஊசி, இவ்வளவு டைட்டர் எதற்கு? எங்கள் பாட்டி ஏழு நாள் மோரில் அரைத்துக் கொடுத்து எத்தனையோ பேரைக் குணப்படுத்தினார். அலாஸ்காக்காரனுக்குக் கீழாநெல்லி கிடைக்கவில்லை, பாவம், ஊசி போட்டுக்கொண்டான்.

---

நுண்ணுயிரி (திங்கள், இரவு 8.30)

மூலிகைத்தோட்டம் ஐயா, உங்களுக்கு ஒரு சுவையான செய்தி. கீழாநெல்லி வகையை இந்த வைரஸுக்கு எதிராக முறையாகச் சோதித்தது சென்னையில்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழு, 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டது. வைரஸைச் சுமந்தவர்களில் மருந்து வாங்கிய 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் அடையாளம் மறைந்தது, வெற்று மருந்து வாங்கிய 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. அந்தக் கட்டுரையில் கூட்டாசிரியர் யார் தெரியுமா? இந்த வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் வாங்கிய பரூக் பிளம்பர்க்!

ஆனால் பிற்பாடு வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்ப வரவில்லை. பாட்டி குணப்படுத்தியவர்களில் பலர் ஹெபடைடிஸ் ஏ காமாலைக்காரர்களாக இருந்திருப்பார்கள். அது பத்தியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் தானாகவே போகும். பெரியவர்களுக்கு வரும் பி கூடப் பெரும்பாலும் தானாகப் போய்விடும். தங்கிவிட்ட பி வேறு சமாச்சாரம். பாட்டியைக் குறை சொல்லவில்லை, அவரிடம் இரத்தப் பரிசோதனை இல்லை.

பிளம்பர்க் பெயர் வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வைரஸ் உடம்பில் இருக்கிறதா என்று பார்க்கும் பரிசோதனையைப் பழைய லேப்காரர்கள் 'ஆஸ்திரேலியா ஆன்டிஜென்' என்று சொல்வார்கள். ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் இரத்தத்தில்தான் அது முதலில் கண்ணில் பட்டது, 1960களில். அடையாளம் தெரிந்தது ஒரு பழங்குடி மனிதரின் இரத்தத்தால், தடுப்பூசி எத்தனை வருடம் தாங்கும் என்று தெரிந்தது இன்னொரு பழங்குடி மக்களின் இரத்தத்தால்.

இப்போது காலையில் பாக்கி வைத்ததற்கு வருகிறேன். தடுப்பூசிக்கு முன்னால் அந்த ஊர்களில் நிலைமை என்ன? ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஐம்பது பேருக்குப் புதிதாகத் தொற்றிக்கொண்டிருந்தது. தாயிடமிருந்து குழந்தைக்கு மட்டும் இல்லை, குழந்தையிடமிருந்து குழந்தைக்கு. 1970களில் இரண்டு ஊர்களில் ஆராய்ந்தபோது பிள்ளைகளின் எச்சில், சொறி சிரங்குப் புண்கள் மட்டுமல்லாமல் அவர்கள் புழங்கிய இடங்களிலும் வைரஸின் அடையாளம் கிடைத்தது. பனிக்காலம் முழுவதும் சின்ன வீட்டில் எட்டுப் பத்துப் பேர், தண்ணீர்க் குழாய் கிடையாது, சிரங்கு எல்லாருக்கும். வேறு என்ன ஆகும்?

1,280 யூப்பிக் மக்களை ஐந்து ஆண்டு தொடர்ந்து கவனித்ததில் இன்னொன்று தெரிந்தது. ஐந்து வயதுக்குள் தொற்றினால் நூற்றுக்கு 29 பேருக்கு அது உடம்பிலேயே தங்கிவிடுகிறது. முப்பது வயதுக்கு மேல் தொற்றினால் எட்டுப் பேருக்குத்தான். கொடுமை என்னவென்றால், குழந்தைகளுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. காய்ச்சல் இல்லை, கண் மஞ்சள் இல்லை. பிற்பாடு கல்லீரல் புற்றுநோயாக வந்து நிற்கும். அந்த மக்களிடையே இருபது வயது நிரம்பாத பிள்ளைகளுக்கே புற்றுநோய் வந்தது.

ஊசி போட்ட பிறகு, முதல் ஐந்து ஆண்டுகளில், ஆயிரத்துக்கு ஐம்பது என்பது ஆயிரத்துக்கு அரைக்கும் கீழே போயிற்று. கணக்குப்புலி சார், வடிகட்டி எதுவும் இல்லாமல் இதைப் பாருங்கள்.

---

கணக்குப்புலி (திங்கள், இரவு 9.05)

இதை மறுக்க முடியாது. நூறில் ஒரு பங்கு என்பது எந்த வடிகட்டியாலும் வராது.

ஆனால் விடமாட்டேன். ஐந்து ஆண்டு சரி. முப்பதாம் ஆண்டில் 'யாருக்கும் நோய் வரவில்லை' என்றால், ஊசி தாங்கியதாலா அல்லது ஊரில் வைரஸே இல்லாமல் போனதாலா? எல்லாருக்கும் போட்டுவிட்டார்கள். நெருப்பே இல்லாத ஊரில் கூரை தீப்பிடிக்கவில்லை என்றால் கூரையின் பெருமையா?

---

நுண்ணுயிரி (திங்கள், இரவு 10.12)

இந்த இழையிலேயே சிறந்த கேள்வி. நேராக ஒரே பதில் கிடையாது, இரண்டு துண்டாகச் சொல்கிறேன்.

ஒன்று, நெருப்பு உடனே அணையவில்லை. ஏற்கெனவே வைரஸைச் சுமந்த பெரியவர்கள் அதே ஊரில், பல நேரம் அதே வீட்டில், பல ஆண்டு வாழ்ந்தார்கள். தடுப்பூசி அவர்களிடமிருந்து வைரஸை எடுக்காது. முதல் பதினைந்து ஆண்டில் ஊசி போட்டவர்களில் 16 பேருக்குத் தொற்று உள்ளே நுழைந்ததற்கான தடயம் கிடைத்தது. முதல் மூன்று டோஸ் சரியாகப் பிடிக்காதவர்களிடம்தான் இது அதிகம். ஒருவருக்கும் அறிகுறி வரவில்லை. வைரஸ் வந்திருக்கிறது, தட்டியிருக்கிறது, உடம்பு விரட்டியிருக்கிறது. தடுப்பூசியால் வரும் எதிர்பொருளும் வைரஸால் வரும் எதிர்பொருளும் வேறு வேறு. வைரஸின் உள்கருவுக்கு எதிரான எதிர்பொருள் தடுப்பூசியால் வராது, தொற்றினால் மட்டும்தான் வரும். அதை வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள்.

இரண்டு, உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம். அப்படி அவ்வப்போது வைரஸ் வந்து தட்டிவிட்டுப் போனதே அவர்களுக்கு இலவச பூஸ்டராக இருந்திருக்கலாம். வைரஸ் சுத்தமாக இல்லாத இடத்தில், பிறந்தவுடன் ஊசி போட்ட தலைமுறைக்கு எதிர்பொருள் இன்னும் வேகமாகக் குறைகிறது. ஐஸ்பெட்டி அக்கா சொன்னதும் அதுதான். அலாஸ்காவின் 1981 கூட்டத்தில் பெரியவர்கள் நிறைய, மருந்தும் இன்றைய மருந்து இல்லை. எனவே 'அலாஸ்காவில் முப்பது வருடம், ஆகவே உலகில் எல்லாருக்கும் முப்பது வருடம்' என்று தாவக் கூடாது. திசை ஒன்றுதான், தூரம் கொஞ்சம் மாறலாம்.

---

வஞ்சிரம் (செவ்வாய், காலை 7.50)

'மருந்தும் இன்றைய மருந்து இல்லை' என்றால் என்ன? அப்போது வேறு மருந்தா?

---

நுண்ணுயிரி (செவ்வாய், காலை 8.15)

ஆமாம். இப்போது ஈஸ்ட் நுண்ணுயிருக்குள் வைரஸின் மேலுறைப் புரதத்தை விளைவித்து எடுக்கிறார்கள், 1986 முதல். 1981-ல் அந்த வித்தை கிடையாது. வைரஸைச் சுமப்பவர்களின் இரத்தத்தில் அந்த மேலுறைத் துகள்கள் மிதக்கும் அல்லவா? அவர்களின் இரத்த நீரை வாங்கி, துகள்களைப் பிரித்து, பெப்சின், யூரியா, ஃபார்மலின் என்று மூன்று கட்டமாகச் சுத்தம் செய்து ஊசியாக்கினார்கள்.

காலத்தைக் கவனியுங்கள். 1981 ஜூனில் எய்ட்ஸ் பற்றிய முதல் அறிக்கை. அதே ஆண்டு நவம்பரில் இந்தத் தடுப்பூசிக்கு அமெரிக்க அனுமதி. இரத்தத்திலிருந்து எடுத்த ஊசியா என்று அங்கே மருத்துவமனை ஊழியர்களே தயங்கினார்கள். அந்த மூன்று கட்டச் சுத்தத்தில் எச்.ஐ.வி. செத்துவிடும் என்பது பிற்பாடு உறுதியானது.

---

வஞ்சிரம் (செவ்வாய், காலை 8.40)

அப்படியென்றால் டாக்டர்களே தயங்கிய மருந்தைப் பழங்குடி மக்களுக்குப் போட்டுப் பார்த்தார்களா? இது எனக்கு உறுத்துகிறது.

---

ஐஸ்பெட்டி (செவ்வாய், பகல் 1.45)

உறுத்த வேண்டிய கேள்விதான் வஞ்சிரம். நானும் யோசித்தேன். எனக்குத் தோன்றுவது: அனுமதிக்கு முன் நியூயார்க் மாதிரி இடங்களில் ஏற்கெனவே சோதித்து, வேலை செய்கிறது என்று கண்டுவிட்டார்கள். அமெரிக்காவிலேயே இந்த நோய் மிக அதிகம் இருந்தது அலாஸ்காப் பழங்குடிகளிடம். முதலில் யாருக்குப் போட வேண்டும் என்று கேட்டால் அவர்களுக்குத்தான். ஊசி போடாத இன்னொரு கூட்டத்தை ஒப்பீட்டுக்கு வைக்கவும் இல்லை. இன்னும் தொற்றாதவர் எல்லாருக்கும் ஊசி.

நான் மதிப்பு வைப்பது அதற்கப்புறம் நடந்ததற்கு. ஆராய்ச்சி முடிந்தது என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு போகவில்லை. 1984-லிருந்து மாநிலம் முழுக்கப் பழங்குடிக் குழந்தைகளுக்குப் பிறந்தவுடன் ஊசி, பெரியவர்களுக்குப் பரிசோதனை, தொற்றாதவர்களுக்கு ஊசி. ஐம்பதாயிரம் பேருக்கு மேல் இரத்தம் பார்த்தார்கள். ஏற்கெனவே வைரஸ் தங்கியவர்களை 'உங்களுக்கு இனி ஊசி வேலை செய்யாது, போங்கள்' என்று விடாமல், பட்டியல் போட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் வாங்கிப் புற்றுநோய் தொடங்குகிறதா என்று பார்த்தார்கள். பிரையன் மக்மாஹன் என்ற கல்லீரல் மருத்துவர் ஆங்கரேஜ் பழங்குடி மருத்துவமனையில் இதையே வாழ்நாள் வேலையாகச் செய்தார்.

பலன்: வைரஸ் தங்கிய இருபது வயதுக்குட்பட்ட பிள்ளைகள் 1987-ல் 657 பேர். 2008-ல் இரண்டே பேர். 1992-க்குப் பிறகு குழந்தை ஒன்றுக்குக்கூட இந்த வைரஸால் புதிதாகக் காமாலை வரவில்லை. அந்த வயதில் கல்லீரல் புற்றுநோய் 1999-க்குப் பிறகு இல்லை.

இரத்தம் கொடுத்தவர்களின் பிள்ளைகளே பலனை அனுபவித்தார்கள். எல்லா ஆராய்ச்சியிலும் இப்படி நடப்பதில்லை. நான் பார்த்த சில கணக்கெடுப்புகளில் இரத்தம் எடுத்துக்கொண்டு போனவர்கள் ரிசல்ட் என்ன என்று சொல்லக்கூடத் திரும்பி வரவில்லை. அது தனிக்கதை.

---

போர்ட்பிளேர்வாசி (செவ்வாய், இரவு 7.20)

இவ்வளவு தூரம் அலாஸ்கா போனீர்கள், வழியில் எங்கள் தீவில் இறங்கவில்லையே. நிகோபாரி, ஷொம்பென் பழங்குடிகளிடம் இதே வைரஸ் மிக அதிகம் என்று போர்ட்பிளேர் ஆய்வு மையத்தார் இருபது வருடத்துக்கு முன்பே கண்டார்கள். நிகோபாரிகளில் நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் சுமக்கிறார்கள் என்று வந்தது. நிகோபாரி ஊர்களிலும் தடுப்பூசி போட்டுத் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். இங்கே அப்பா காலத்திலிருந்து கடை வைத்திருக்கிறோம். நிகோபாரி நண்பர் ஒருவரின் தம்பி முப்பத்தி இரண்டு வயதில் கல்லீரல் போய் இறந்தார். அவர் மகள்களுக்கு எல்லா ஊசியும் போட்டாகிவிட்டது.

---

மூலிகைத்தோட்டம் (செவ்வாய், இரவு 9.10)

நுண்ணுயிரி தம்பி, 1988 விஷயம் எனக்குத் தெரியாது. நன்றி. பேரனுக்கு ஊசி போட்டாகிவிட்டது, அதைத் தடுக்கவில்லை. கீழாநெல்லியைத் தோட்டத்திலிருந்து பிடுங்கப் போவதும் இல்லை.

---

கணக்குப்புலி (செவ்வாய், இரவு 9.14)

பிடுங்காதீர்கள். ஆனால் மோரில் அரைப்பதற்கு முன் ஒரு இரத்தப் பரிசோதனை.

---

நடைவண்டி (ஏழு வாரம் கழித்து, சனி, காலை 10.30)

எல்லாருக்கும் வணக்கம். இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும்.

ஐஸ்பெட்டி அக்கா சொன்னபடி மகளுக்கு ஒரே டோஸ் போட்டோம். ஐந்து வாரம் கழித்து டைட்டர் 386. கல்லூரியில் 'மூன்றும் புதிதாகப் போட வேண்டும்' என்று முதலில் பிடிவாதம் பிடித்தார்கள். இந்த எண்ணைக் காட்டியதும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஆனால் இன்னொன்று. குழந்தைகளுக்கெல்லாம் போட்டாயிற்று, எனக்கும் என் மனைவிக்கும் யார் போட்டார்கள் என்று யோசித்து, நாங்களும் இரத்தம் கொடுத்தோம். மனைவிக்கு எல்லாம் இல்லை என்று வந்தது, முதல் டோஸ் போட்டாயிற்று. எனக்கு மேலுறை ஆன்டிஜென் (வைரஸ் இப்போது இருப்பதன் அடையாளம்) இல்லை, ஆனால் உள்கருவுக்கு எதிரான எதிர்பொருள் இருக்கிறது. மேலுறைக்கு எதிரானதும் இருக்கிறது. நான் இதுவரை இந்த ஊசியே போட்டதில்லை.

நுண்ணுயிரி அன்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். அப்படியென்றால் எனக்கு எப்போதோ வந்து போயிருக்கிறது, சரிதானா? எனக்குக் காமாலை வந்ததே இல்லை. அம்மாவைக் கேட்டேன், அவருக்கும் நினைவில்லை. சின்ன வயதில் ஊரில் ஒரே கண்ணாடிச் சிரிஞ்சை வெந்நீரில் போட்டுப் போட்டு எல்லாருக்கும் குத்துவார்கள். அதிலா, சலூன் கத்தியிலா, என்ன என்று யாருக்குத் தெரியும்.

---

நுண்ணுயிரி (சனி, காலை 11.05)

சரிதான். வந்து, உங்களுக்குத் தெரியாமலே போய்விட்டது. யூப்பிக் ஊர்களிலும் அப்படிப் பலர்.

---

ஐஸ்பெட்டி (சனி, பகல் 12.20)

தம்பி, உங்களுக்கு ஊசி தேவையில்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வைரஸின் விதை கல்லீரலில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், சும்மா இருக்கும் வரை தொந்தரவு இல்லை. பிற்காலத்தில் என்றாவது கீமோவோ, நீண்ட நாள் ஸ்டீராய்டோ, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் வேறு மருந்தோ கொடுக்க நேர்ந்தால் அது விழித்துக்கொள்ளலாம். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் மாத்திரை கொடுத்துத் தடுத்துவிடுவார். அதனால் எந்த டாக்டரிடம் போனாலும் இதைச் சொல்லுங்கள். உங்கள் கூடப்பிறந்தவர்களையும் ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள், ஒரே சிரிஞ்சு என்றால் அவர்களுக்கும் குத்தியிருப்பார்கள்.

---

நடைவண்டி (சனி, பகல் 12.48)

கோப்பில் முதல் பக்கத்தில் வைத்துவிட்டேன், அக்கா. தம்பி திருப்பூரில் இருக்கிறான், இன்று மாலை பேசுகிறேன்.